தகரக் கொட்டகைக்கு உட்சுவர் அடிக்கும் முன்

போன மாதம் ஓர் இளம் வர்த்தகர் என்னைத் தேடிக் கடைக்கு வந்தார். அலுமினியக் கதவு, ஜன்னல் செய்து கொடுக்கும் தொழில். வீதியோரக் காணி ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, 40 அடி நீளம், 20 அடி அகலத்தில் இரும்புச் சட்டம் நிறுத்தி, நாலு பக்கமும் தகரம் அடித்து வேலைத்தளம் ஒன்றைக் கட்டி முடித்திருக்கிறார்.

"காக்கா, உள்பக்கம் பலகை அடிச்சு சுவர் மாதிரி எடுக்கணும். எத்தன சீட் போகும் எண்டு மட்டும் கணக்குப் போட்டுத் தாங்க" என்றார்.

கணக்கு ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்தக் கணக்கை மட்டும் போட்டுக்கொண்டு 2010ஆம் ஆண்டு நான் செய்த வேலைக்கு ஒரு வியாபார வருடத்தையே விலையாகக் கொடுத்தவன் நான். ஆகவே அவரை உட்கார வைத்து, தேநீர் வரவழைத்து, ஒரு மணி நேரம் கதைத்தேன். நான் ஓடாவியும் அல்ல, எஞ்சினியரும் அல்ல. பணத்தைப் போட்டு, இழந்து, மறுபடி போட்டுத் தெரிந்துகொண்டவன். அவருக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறேன். ஏனென்றால் எம்மவர்களில் எத்தனையோ பேருடைய கராஜ், தளபாட வேலைத்தளம், தையல் கூடம், களஞ்சியம் எல்லாம் தகரத்துக்குள்தான் நடக்கிறது.

தகரக் கொட்டகையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின்னர் எமது கரையோர ஊர்களில் எத்தனையோ தொழில்கள் மீண்டும் எழுந்து நின்றது தகரத்துக்குள்ளிருந்துதான். கல் வைத்துக் கட்ட ஆறு மாதம் என்றால் இது மூன்று வாரம். குத்தகை முடிந்தால் கழற்றிக்கொண்டு போகலாம். அமெரிக்கக் கமக்காரர்களும் 1930களில் பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலத்தில் இதே யோசனைக்குத்தான் வந்தார்கள். மரக் கம்பங்களை மண்ணில் நட்டு, தகரத்தைப் போர்த்தி, மாட்டுக்கும் வைக்கோலுக்கும் கொட்டகை கட்டினார்கள். 'போல் பார்ன்' என்று அதற்குப் பெயர். இன்று அங்கே அவற்றை உள்ளே பலகை அடித்து வேலைத்தளமாக ஆக்கிக்கொள்கிறார்கள். அந்த வேலையைப் பற்றிய படங்களும் விளக்கங்களும் இப்போது எமது பிள்ளைகளின் கையடக்கத் தொலைபேசி வரை வந்துவிட்டன. பார்வைக்கு அவர்களுடைய கொட்டகையும் எங்களுடையதும் ஒன்றுதான். வானம்தான் வேறு. நான் ஏமாந்த இடமும் அதுதான்.

எனக்குப் பன்னிரண்டு மெஷின் கொண்ட ஒரு தையல் கூடம் இருந்தது. கடற்கரையிலிருந்து கால் மைல் தூரம். வெறும் தகரச் சுவர். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் பதினொரு மணிக்குப் பிறகு உள்ளே நிற்க முடியாது. தைக்கும் பிள்ளைகளுக்குத் தலைவலி, துணியில் வியர்வைக் கறை. அந்த நேரம் கனடாவில் கட்டட வேலை செய்யும் என்னுடைய மருமகன் தொலைபேசியில் விபரமாகச் சொன்னான். "மாமா, சட்டத்துக்கு நடுவுல இன்சுலேசன் வையுங்க, அதுக்கு மேல உள்பக்கமாப் பொலித்தீன் இழுத்து அடியுங்க, பிறகு பலகை. எல்லாத்தையும் காத்துப் போகாம மூடிடணும்." அவன் சொன்னபடியே செய்தேன். சட்டங்களுக்கிடையில் ரெஜிபோம், அதன்மேல் பொலித்தீன், அதன்மேல் ஒட்டுப்பலகை. பலகையின் அடியில் இடைவெளி தெரிந்தால் அழகில்லை என்று மேசனைக் கொண்டு தரையோடு சேர்த்துச் சீமெந்தும் பூசினேன். வெள்ளைப் பெயின்ட் அடித்ததும் கொழும்புக் கடை மாதிரி இருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள்.

அந்த வருடக் கடைசியில் பாடசாலைச் சீருடை ஓர்டர் ஒன்று கிடைத்திருந்தது. துணி உருளைகளை மேற்குப் பக்கச் சுவரோடு சேர்த்து அடுக்கியிருந்தோம். 2011 ஜனவரியில் கிழக்கு மாகாணத்தை மூழ்கடித்த மழை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எமது தெருவுக்கு வெள்ளம் வரவில்லை. ஆனால் ஒரு நாள் ஸுபஹ் தொழுதுவிட்டு வந்து கூடத்தைத் திறந்தபோது புளித்த வாடை அடித்தது. அடியில் இருந்த உருளைகளை இழுத்துப் பார்த்தால் சுவர்ப் பக்கம் முழுவதும் பூஞ்சணம். பலகையைத் தட்டினால் கை உள்ளே போகிறது. அடிப் பலகையைக் கழற்றினோம். பொலித்தீனுக்கும் தகரத்துக்கும் இடையில் தண்ணீர் தேங்கி நின்றது. வேறு வழியின்றி ஓர்டரைப் பிந்திக் கொடுத்தேன். அந்த வாடிக்கையாளர் அடுத்த வருடம் வரவில்லை. ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் "வெள்ளத்தில் போய்விட்டது" என்றேன். வெள்ளத்தில் போகவில்லை. என் சுவரில்தான் போனது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். இது விளங்கினால் மிச்சமெல்லாம் தானாக விளங்கும்.

முதலாவது வழி, மழைதான். தகரத்தை இரும்பில் பிடிக்கும் ஒவ்வொரு ஸ்குரூவும் ஒரு துளை. அதன் ரபர் வளையம் வெயிலில் சில வருடங்களில் வெடித்துவிடும். காற்றோடு அடிக்கும் வாடைக்கால மழை, தகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்திலும் உள்ளே ஊறும். சுவர் வெறும் தகரமாக இருந்தபோதும் இது நடந்தது. ஆனால் வழிந்து, காற்றில் காய்ந்துவிட்டது.

இரண்டாவது, தகரத்தின் வியர்வை. காற்றில் எப்போதும் நீராவி இருக்கிறது. காற்றின் வெப்பம் 26 பாகை, ஈரப்பதன் 90 சதவீதம் என்றால் ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளிலும் தண்ணீர் பூக்கும். இரண்டே பாகை வித்தியாசம். மேகமில்லாத இரவில் கூரைத் தகரம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். விடியற்காலையில் கூரையிலிருந்து சொட்டுவது அதனால்தான். ஒழுக்கு என்று நினைத்து மறுநாள் தார் வாங்கிப் பூசுகிறோம். என்னுடைய கூடத்தில் ஸ்டீம் அயன் வேறு. நாள் முழுக்க நாங்களே நீராவியை உற்பத்தி செய்துகொண்டிருந்தோம்.

இப்படி வரும் தண்ணீரை வராமல் தடுக்க முடியாது. வந்த தண்ணீர் வெளியே போக வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நான் ரெஜிபோம் வைத்து, பொலித்தீன் இழுத்து, அடியில் சீமெந்தும் பூசி, போகிற வழியையெல்லாம் பணம் கொடுத்து அடைத்திருக்கிறேன்!

மருமகன் சொன்னது பிழையா? இல்லை. கனடாவில் மாரி காலத்தில் வெளியே உறைபனி, உள்ளே அடுப்பு மூட்டிய வெதுவெதுப்பு. உள்ளே இருக்கும் நீராவி சுவருக்குள் புகுந்து குளிர்ந்த தகரத்தில் படாமலிருக்க அங்கே உள்பக்கம் பொலித்தீன் கட்டாயம். எமது நாட்டில் வெப்பமும் ஈரமும் வெளியில்தான் இருக்கின்றன. நீராவி வெளியிலிருந்து உள்ளே வருகிறது. அதிலும் குளிரூட்டி பூட்டிய அறையென்றால் உள்பலகைதான் குளிர்ந்த பக்கம். பொலித்தீனை உள்பக்கம் இழுத்தால் நீராவி அதன் முதுகில் வந்து மோதித் தண்ணீராகும். என்னுடைய வெட்டும் அறைக்கு ஏசி போட்டிருந்தேன். கூடத்திலேயே மோசமாக அழுகியது அந்த அறையின் சுவர்தான். இரண்டு வருடம் கழித்து விடுமுறையில் வந்த மருமகன் அதைப் பார்த்துவிட்டு, "மாமா, எங்கட நாட்டில சட்டையத் திருப்பிப் போடணும் போல" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாம் தடவை நான் செய்த முறை இதுதான்.

உட்சுவர் தகரத்தில் ஒட்டக்கூடாது. தகரத்துக்கும் பலகைக்கும் இடையில் குறைந்தது ஓர் அங்குல வெளி வேண்டும். அந்த வெளி அடியிலும் திறந்திருக்க வேண்டும், மேலே இறவாணத்தின் கீழ் வெளிப்பக்கமாகவும் திறந்திருக்க வேண்டும். வெயில் ஏற ஏறத் தகரம் சுடும். வெளிக்காற்று 33 பாகையாக இருக்கும்போது வெயிலில் நிற்கும் தகரம் 60 பாகையைத் தொடுவது சாதாரணம். அந்தச் சூட்டில் இடைவெளிக் காற்று புகைபோக்கியில் ஏறுவது போல் மேலே ஏறிப் போகும். போகும்போது வெப்பத்தையும் கொண்டுபோகும், ஈரத்தையும் கொண்டுபோகும். காலையில் வியர்த்தது மதியத்துக்குள் காய்ந்துவிடும். இரண்டு வியாதிக்கும் ஒரே மருந்து, அதுவும் மின்சாரம் கேட்காத மருந்து. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு வந்தபோது பேன் எல்லாம் நின்றது, இந்தக் காற்று நிற்கவில்லை.

இதில் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். தகரம் பிடிப்பதற்காகச் சுவரில் குறுக்காக ஓடும் சட்டங்கள் இருக்கும். பலகையை நேரே அவற்றின்மேல் அடித்தால் இடைவெளி இருப்பது போலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு குறுக்குச் சட்டமும் காற்றுக்கு அணை போட்டுவிடும். எனவே குறுக்குச் சட்டத்தின்மேல், உள்பக்கமாக, இரண்டு அடிக்கு ஒன்று வீதம் நெடுக்காக ரீப்பை அல்லது சிறிய பொக்ஸ் பார் அடித்து, அதன்மேல்தான் பலகை வர வேண்டும். நெடுக்குச் சட்டம் தரும் வெளியால் காற்று தடையின்றி ஏறும். பலகை 8 அடிக்கு 4 அடி என்பதால் இரண்டு அடிக் கணக்கு விளிம்புகளுக்கும் சரியாக விழும். மேலும் கீழும் சின்னக் கண் கம்பி வலை அடிக்காவிட்டால் எலியும் வௌவாலும் வாடகை இல்லாமல் குடியேறும்.

எமது உம்மாமார் காலத்தில் தகரக் கூரைக்கு மேல் கிடுகு போட்டார்கள். நாங்கள் அதை வறுமை என்று நினைத்தோம். வெயில் தகரத்தில் விழாமல், இடையில் காற்றும் ஓடும்படி செய்த ஏற்பாடு அது. தீப்பிடிக்கும் என்ற ஒரு குறை இல்லாவிட்டால் இன்றைக்கும் நான் அதைத்தான் சொல்வேன்.

அடுத்து, பணத்தை எங்கே போடுவது. எம்மவர்கள் நாலு சுவருக்கும் ஒரே மாதிரி செலவழிக்கிறார்கள். சூரியன் அப்படிப் பங்கு வைப்பதில்லை. எமது நாட்டில் நடுப்பகல் வெயில் ஏறக்குறைய உச்சியிலிருந்து விழுகிறது. வேலைத்தளத்தில் மிக அதிகமாகச் சுடுவது கூரை. அதற்கு அடுத்தது மேற்குச் சுவர். காலையில் கிழக்குச் சுவரிலும் வெயில் சாய்ந்து விழும்தான், ஆனால் அந்த நேரம் கட்டடம் இன்னும் சூடாகியிருக்காது. வடக்கும் தெற்கும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆகவே கூரையைக் கவனிக்காமல் சுவருக்குப் பலகை அடிப்பது, தலையில் தொப்பி இல்லாமல் காலுக்குச் சப்பாத்துப் போடுவது போன்றது. கூரையின் கீழ்ச் சட்டங்களில் அலுமினிய முகம் உள்ள சீட்டை, பளபளக்கும் பக்கம் கீழே பார்க்கும்படி இழுத்துக் கட்டுங்கள். பளபளப்பு மேலே பார்த்தால் சில மாதங்களில் தூசு படிந்து வேலை செய்யாது. பளபளப்பின்மேல் நேராகப் பலகையை ஒட்டினாலும் பயனில்லை. அதற்கு முன்னால் காற்று வெளி இருந்தால்தான் வெப்பத்தைத் தடுக்கும். இதற்கும் பணம் போதாது என்றால் கூரையின் வெளிப்பக்கம் வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள். செலவுக்குக் கிடைக்கும் பலனைப் பார்த்தால் அதை மிஞ்ச ஒன்றுமில்லை.

பொருட்களுக்கு வருவோம். விலை எழுதமாட்டேன். பத்திரிகை உங்கள் கைக்கு வருவதற்குள் அது மாறிவிடும்.

வேலைத்தளத்துச் சுவரில் அடிபடுவது கீழ் நாலு அடிதான். வண்டி முட்டும், இரும்பு சாய்ப்பார்கள், சாமான் தொங்கவிடுவார்கள். அந்த இடத்துக்கு 12 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை வேண்டும். பலகையைப் படுக்கையாக வைத்தால் 4 அடி உயரம் சரியாக வரும். நனைந்தாலும் தாங்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஒரு துண்டை இரவு முழுக்க வாளித் தண்ணீரில் போட்டு, காலையில் பிரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் மொத்தமாக எடுப்பேன். கடைக்காரர் முகம் சுளித்தால் கடையை மாற்றலாம். எம்.டி.எப். பலகை விலை குறைவு, முகமும் வழவழப்பு. ஆனால் ஈரம் பட்டால் பிஸ்கட் மாதிரி ஊதும். தகரக் கொட்டகைக்கு வேண்டவே வேண்டாம். நாலு அடிக்கு மேலே 6 மில்லிமீற்றர் சீமெந்து நார்ப் பலகை போதும். கறையான் தின்னாது, நெருப்புக்கும் எளிதில் பிடிகொடுக்காது. வாங்கும்போது அஸ்பெஸ்டஸ் கலக்காததுதானா என்று கேளுங்கள். ஜிப்சம் பலகை கணக்கு எழுதும் அறைக்கு நல்லது. வேலை நடக்கும் இடத்தில் ஒரு ஏணி சாய்ந்தால் துளை விழும்.

பழைய அஸ்பெஸ்டஸ் சீட்டுகளை மலிவாகக் கொண்டுவந்து உட்சுவருக்கு அடிக்கச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். அஸ்பெஸ்டஸ் எல்லா வகையும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. எமது அரசும் 2018 ஜனவரி முதல் அதைக் கட்டுப்படுத்தத் தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, தேயிலைப் பொதியில் வண்டு கண்டதாகச் சொல்லி எமது தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸ் எமக்கு வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான். சில நாட்களிலேயே தீர்மானம் தள்ளிவைக்கப்பட்டது. வண்டுக்கும் அஸ்பெஸ்டஸுக்கும் என்ன சம்பந்தம் என்பதை வர்த்தகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கூரையில் அசையாமல் கிடப்பதைப் பற்றி நான் கதைக்கவில்லை. அதை வெட்டி, துளையிட்டு, நீங்கள் மூச்சு விடும் உயரத்தில் அடிக்க வேண்டாம்.

ரெஜிபோம் விடயத்தில் நான் இப்போது கண்டிப்பானவன். மலிவு, வெப்பத்தையும் தடுக்கும், உண்மை. ஆனால் வெல்டிங் பொறி ஒன்று பட்டால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். கரும்புகை ஒரு நிமிடத்தில் கூடத்தை நிரப்பிவிடும். அமெரிக்கக் கட்டட விதிகளில் போம் வகைகளை உள்ளே திறந்தபடி விட அனுமதி இல்லை. அரை அங்குல ஜிப்சம் பலகை போன்ற ஒன்றால் மூடியே ஆக வேண்டும். நான் மேலே சொன்ன காற்று வெளிக்குள் ரெஜிபோம் வைத்தால் நெருப்புக்குப் புகைபோக்கியே கட்டிக் கொடுத்த மாதிரி. வெல்டிங், கிரைண்டர் உள்ள இடத்தில் சுவருக்குள் அதை வைக்காதீர்கள். காப்புறுதி எடுத்திருந்தால் உட்சுவரில் என்ன இருக்கிறது என்று பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கண்ணாடிப் பஞ்சு எரியாது. ஆனால் நனைந்தால் உதவாது, அதன் நார் துணியில் ஏறினால் உடுப்பவருக்குச் சொறியும். தையல் கூடத்துக்கு நான் அதை எடுக்கவில்லை.

அடிப்பகுதிதான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடும் இடம். பலகையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து ஆறு அங்குலம் மேலே நிற்கட்டும். கழுவும் தண்ணீர் தொடாது, காற்று நுழையும். முக்கியமாகக் கறையான் மேலே ஏற வேண்டுமென்றால் வெளியே தெரியும்படி மண் குழாய் கட்டித்தான் ஏற வேண்டும். தும்புத்தடியால் தட்டிவிடலாம். தரை வரை பலகை அடித்தால் அது உள்ளுக்குள்ளேயே ஏறும். பெயின்ட் மட்டும் மிஞ்சிய பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும். ரீப்பையும் அப்படித்தான், மரம் எதுவும் தரையைத் தொடக்கூடாது. நாக, அலுமினியப் பூச்சுள்ள தகரத்தில் ஈரச் சீமெந்து படவும் விடாதீர்கள். ஈரச் சீமெந்தின் காரம் அந்தப் பூச்சைத் தின்றுவிடும். என் பழைய சுவரில் சீமெந்து பூசிய உயரத்துக்கு அளந்து வெட்டினாற்போல் கறள் பிடித்திருந்தது. புதிதாகக் கட்டுபவர்கள் அடியில் இரண்டு வரிசை சீமெந்துக் கல் வைத்து, தகரம் அதன் வெளிப்பக்கமாகத் தொங்கும்படி செய்தால் இந்தத் தொல்லையே இல்லை.

வயரிங்கைப் பற்றி ஒரு சம்பவம். முதல் சுவர் அடித்த காலத்தில், பலகைக்குப் பின்னால் ஓடிய வயர் ஒன்றில் ஆணி இறங்கியிருந்தது. எவருக்கும் தெரியாது. ஒரு மழை நாளில் தைக்கும் பிள்ளை ஒருத்தி ஜன்னல் தகரத்தில் கை வைத்தாள். அலறினாள். அதே நொடியில் ட்ரிப் ஸ்விட்ச் விழுந்தது. அவள் அடுத்த நாள் வேலைக்கு வந்தாள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தகரக் கட்டடத்தில் ஒரு வயர் உரிந்தால் கட்டடம் முழுவதும் வயர் ஆகிவிடும். அன்றிலிருந்து என் கட்டடத்தில் வயர் எதுவும் சுவருக்குப் பின்னால் ஓடுவதில்லை. பலகையின் மேல், பீ.வீ.சீ. குழாய்க்குள், கண்ணுக்குத் தெரியும்படிதான் ஓடும். மெஷினை இடம் மாற்றினாலும் சுவரை உடைக்கத் தேவையில்லை. இரும்புச் சட்டத்தையும் தகரத்தையும் தகுதியான மின் வேலையாளைக் கொண்டு முறையாக பூமியோடு இணைக்கச் செய்யுங்கள். 30 மில்லி அம்பியர் ட்ரிப் ஸ்விட்சில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கிறது. மாதம் ஒரு தடவை அதை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அன்றைக்கே மாற்றுங்கள். வயர் ரெஜிபோமைத் தொட்டுக்கொண்டு கிடந்தால் காலப்போக்கில் வயரின் உறை கெட்டு விறைத்துவிடும் என்பதும் பலருக்குத் தெரியாத விடயம்.

பலகை மூட்டுகளுக்குப் பட்டி பூசி மறைக்க வேண்டாம். 20 அடி இரும்பு காலைக்கும் மதியத்துக்கும் 30 பாகை சூடு ஏறினால் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் நீளும். பட்டி அதைத் தாங்காது, ஒரு மாதத்தில் வெடிக்கும். பலகைகளுக்கிடையில் சிறு வெளி விட்டு, மேலே மெல்லிய ரீப்பை அல்லது அலுமினியப் பட்டை அடித்துவிட்டால் சுவர் மூச்சு விடும், பார்க்கவும் ஒழுங்காக இருக்கும். ஆணியும் பசையும் வேண்டாம், எல்லாம் ஸ்குரூ. கடல் காற்று அடிக்கும் ஊரென்றால் மலிவான ஸ்குரூ ஒரு மழைக் காலத்தில் கறள் வடியும், நல்ல பூச்சுள்ளதை எடுங்கள். ஸ்குரூ என்றால் வருடம் ஒரு தடவை ஏதாவது ஒரு பலகையைக் கழற்றிப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். நான் வாடை மழை ஓய்ந்ததும் மேற்குச் சுவரில் ஒரு பலகையைக் கழற்றிப் பார்ப்பேன்.

ஏசி அறை வேண்டுமென்றால் தகரச் சுவரைத் தொடாமல் கூடத்துக்குள்ளேயே தனிப் பெட்டி போல ஓர் அறையைப் பலகையால் கட்டிக்கொள்ளுங்கள். அந்த அறைக்குப் பொலித்தீன் வேண்டுமானால் வெளிமுகத்தில்.

குத்தகைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கொட்டகை காணிச் சொந்தக்காரருடையது என்றால், நீங்கள் அடிக்கும் உட்சுவர் யாருக்குச் சொந்தம் என்பதை அடிப்பதற்கு முன்னரே ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள். 'ஸ்குரூவால் பூட்டப்பட்டவை குத்தகைக்காரர் கழற்றிச் செல்லக்கூடியவை' என்ற அந்த ஒரு வரி இல்லாமல், பத்து வருடம் ஒன்றாகத் தேநீர் குடித்தவர்கள் முகம் பார்க்காமல் போனதை நான் கண்டிருக்கிறேன்.

அந்த இளம் வர்த்தகரின் கணக்குக்கு வருகிறேன். சுற்றளவு 120 அடி, உயரம் 10 அடி, ஆக 1200 சதுர அடி. ஷட்டர், கதவு, நாலு ஜன்னல் கழித்தால் 1035. ஒரு சீட் 32 சதுர அடி. வெட்டு வீணோடு 36 சீட் ஒட்டுப்பலகை. அவர் மனதில் வைத்து வந்ததும் அந்தத் தொகைதான். பேசி முடித்தபின் மறுபடி போட்டோம். சுற்றிவரக் கீழ் நாலு அடிக்கு ஒட்டுப்பலகை 15 சீட். மேற்குப் பக்க நீளச் சுவரின் மேல் பாதிக்குச் சீமெந்து நார்ப் பலகை 8 சீட். மற்ற மூன்று சுவரின் மேல் பாதி இப்போதைக்குத் தகரமாகவே நிற்கட்டும். மிச்சப் பணம் கூரையின் அலுமினியச் சீட்டுக்கும் ட்ரிப் ஸ்விட்சுக்கும்.

"அப்ப பாதிச் சுவரோட வாடிக்கையாளர் வந்து பார்த்தா என்ன நினைப்பாங்க, காக்கா?" என்று கேட்டார்.

என்னுடைய முதல் சுவரைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பாராட்டியதை அவருக்குச் சொன்னேன். தேநீரைக் குடித்துவிட்டு, கணக்கு எழுதிய துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். போன கிழமை அந்த வீதியால் போனபோது எட்டிப் பார்த்தேன். நெடுக்கு ரீப்பைகள் ஏறியிருந்தன, அடியில் ஆறு அங்குலம் விட்டிருந்தார். கூரைச் சீட்டைத்தான் பளபளப்பு மேலே பார்க்கும்படி கட்டியிருந்தார்கள். ஏணியில் நின்ற பையனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு வந்தேன்.